மெடல் தனியாக வராது

நம் பத்தாம் வகுப்பு குரூப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாண அழைப்பிதழ்களுக்கும் நடுவில் இது எங்கேயோ மேலே போய்விடும். ஆனாலும் ஊர்க்காரர்கள், காலனிக்காரர்கள் என்று நாம் அத்தனை பேரும் ஒன்றாக இருக்கிற இடம் இது ஒன்றுதான். அதனால் இங்கேயே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் நம்மில் ஒருவன் ஒரு போட்டோ போட்டான். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறவன். நெல் கொட்டிவைக்கிற குதிரை உடைத்தபோது உள்ளே அடியில் மஞ்சள் குங்குமம் வைத்த மண் கட்டி ஒன்று கிடந்ததாம். துரியோதனன் மண்ணு, திருவிழாவில் மண் துரியோதனனிடமிருந்து அள்ளி வந்து வைப்பது. கை தவறிக் கீழே விழுந்து அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே வட்டமாக ஏதோ இருந்தது.

“டேய், என்ன காசுடா இது?” என்று கேட்டிருந்தான்.

“வெள்ளக்காரன் காலத்துக் காசு” என்றான் ஒருவன். “ஒங்க தாத்தா ஓட்டப்பந்தயத்துல வாங்கினதா இருக்கும்” என்றான் இன்னொருவன். அதற்கு இருபது சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. நான் பதில் போடவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவன் நான். நாள் முழுக்க ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் ஒட்டிய எண்களைப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் முதலில் எண் எங்கே இருக்கிறது என்று தேடுகிற கண்ணாகிவிட்டது. படத்தை விரல்களால் பெரிதாக்கினேன். மூன்று சிங்கம் தெரிந்தது. விளிம்பில் பாதி மண் ஒட்டியிருக்க, மீதியில் ஐந்து எண்கள் தெரிந்தன.

அந்த எண்ணை நான் பதினோரு வயதில் மனப்பாடம் செய்திருந்தேன்.

காலனியில் கடைசி வீடு பட்டாளத்தாருடையது. எனக்குப் பெரியப்பா முறை. பட்டாளத்திலிருந்து திரும்பி, விழுப்புரத்தில் ஒரு பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருந்தார். காலையில் முதல் பஸ்ஸில் போவார், சாயந்திரம் ஒரு பொட்டலம் பக்கோடாவோடு இறங்குவார். பக்கோடாவுக்காகத்தான் முதலில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பிறகு மெடலுக்காக.

அது தகரப் பெட்டியில், ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவைத் திறந்தால் சோப்பு வாசனையும் துரு வாசனையும் சேர்ந்து வரும். கையில் வைத்தால் மே மாத வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். யாரும் பார்க்காதபோது நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்புப் போலவும் இல்லை, இரும்பு போலவும் இல்லை, என்ன ருசி என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த சமயம். பஸ் போர்டு, உர மூட்டை, சிகரெட் அட்டை, எதையும் விடுவதில்லை. பெரியப்பா மெடலின் விளிம்பைத் திருப்பிக் காட்டினார்.

“படிடா வாத்தியாரே.”

முதலில் எண், பிறகு பதவி, பிறகு பெயர். சின்னச் சின்ன எழுத்துகளாகச் சுற்றி வர அடித்திருந்தார்கள். எண்ணைப் படித்ததும் உட்கார்ந்திருந்தவர் முதுகை நிமிர்த்தி, “ஹாஜிர்!” என்றார். பட்டாளத்தில் ஆஜர் சொல்கிற இந்திச் சொல்லாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. தெருவில் போகும்போது பின்னாலிருந்து எண்ணைக் கத்துவேன். அவர் சைக்கிளில் இருந்தபடியே “ஹாஜிர்!” என்பார்.

“எத்தன பேர சுட்டீங்க பெரியப்பா?”

“ஒருத்தரையும் சுடல.”

“அப்புறம் எதுக்குக் குடுத்தாங்க?”

“மண்ணு வெட்டினதுக்கு.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மண் வெட்ட என் அப்பாவும்தான் போகிறார், அவருக்கு யார் மெடல் கொடுத்தார்கள்? பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. எழுபத்தொன்றில் வங்காளப் பக்கம் நடந்த சண்டை. இவர் இருந்தது பாலம் போடுகிற பட்டாளம். ஆறு, வாய்க்கால், சேறு, மறுபடியும் ஆறு. லாரி சக்கரம் இறங்கினால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தள்ள வேண்டும். “அந்த ஊரு மண்ணும் நம்ம ஏரி மண்ணு மாதிரிதான்டா. கால வச்சா வுடாது. பூட்சத் தின்னுடும். ஆளயும் தின்னும்” என்றார். அவரோடு கண்டாச்சிபுரத்துப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். சேற்றில் இறங்கி இரண்டு பேரும் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தபோது குண்டு விழுந்தது. பலகையின் இந்த முனையைப் பிடித்திருந்தவர் வீடு திரும்பினார்.

“அவருக்கும் மெடல் குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. தபால்ல வந்துச்சு. அவங்க அம்மா வாங்க மாட்டேன்னுடுச்சு. ஆளு எங்கடான்னு போஸ்ட்மேனக் கேட்டுச்சாம். நான் லீவுல வந்தப்ப போஸ்ட்டாபீஸ்ல போயி வாங்கி, நேரா எடுத்துக்கினு போயி அந்தம்மா கையில குடுத்தேன். பக்கத்துல நின்னேன்ல, அப்பதான் வாங்கிக்கிச்சு.” கொஞ்ச நேரம் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “மெடலுன்னா தனியா வரக்கூடாதுடா. ஆளோடதான் வரணும்.”

அந்த வருஷக் கோடை லீவில்தான் திரௌபதி அம்மன் திருவிழா வந்தது. உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், அதற்கு முந்தைய வருஷம் நம் ஊர் மானம் போன கதை. பக்கத்து ஊரில், பாரதக் கூத்து முடிகிற படுகளத்தன்று, தரையில் படுக்க வைக்கிற மண் துரியோதனனுக்கு மார்பு முழுக்க சினிமா சி.டி.க்களைப் பதித்துவிட்டார்கள். வெயிலில் அது கண்ணைப் பறித்தது. திண்டிவனத்திலிருந்து வந்த கூட்டம் பூராவும் அங்கே நின்றுவிட, நம் துரியோதனன் நாமக்கட்டியும் செம்மண்ணும் பூசிக்கொண்டு அனாதையாகப் படுத்துக் கிடந்தான்.

இந்த வருஷம் விடக்கூடாது என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நாட்டாமைக்காரரும் கூத்து வாத்தியாரும் இன்னும் நாலு பேரும் காலனிக்கு வந்தார்கள். வந்தார்கள் என்றால், முனையில் இருக்கும் குழாயடி வரைக்கும். அங்கே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, என்னைத்தான் அனுப்பிப் பெரியப்பாவைக் கூப்பிடச் சொன்னார்கள்.

“ஏம்பா பட்டாளம், அந்த மெடலக் கொஞ்சம் குடு. துரியோதனன் மாருல வச்சா எடுப்பா இருக்கும். சாயந்திரம் உன் வூட்டுக்கே அனுப்பிடறேன்” என்றார் நாட்டாமைக்காரர்.

“குடுக்கலாங்க. ஆனா அது தனியா வராதுங்க. நானும் கூட வருவேன்.”

“நீ எங்க வருவ?”

“அது எங்க போவுதோ அங்க. என் கையாலதான் குத்துவேங்க.”

நாட்டாமைக்காரர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஏரியிலிருந்து மண்ணை வெட்டி, தலையில் சுமந்து, படுகளத்தின் ஓரத்தில் கொட்டுவது எங்கள் அப்பாக்களின் வேலை. கொட்டிவிட்டு, சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். மண் உள்ளே போகும். சுமந்தவன் போகக் கூடாது.

கூட வந்திருந்த ஒருவர் சிரித்தார். “என்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? போன ஆளுங்க எல்லாருக்கும் குடுத்த மெடலுதானாம் அது. என் மச்சான் சொன்னான்.”

“ஆமாங்க” என்றார் பெரியப்பா. “போனவங்க எல்லாருக்கும் குடுத்தாங்க. திரும்பி வந்தவங்கதான் குத்திக்கினாங்க.”

அவர் குரல் உயரவில்லை. சிரித்தவர் மரத்தைப் பார்த்தார். கூத்து வாத்தியார்தான் பேச்சை எடுத்தார். “படுகளம்னு பேரு வச்சிக்கினு, நெசமான படுகளத்தப் பாத்த ஆளு ஒருத்தரு வந்து நின்னா அம்மன் வேணாம்னா சொல்லப்போறா?”

நாட்டாமைக்காரர் யோசித்தார். “செரி, யூனிஃபார்மு போட்டுக்கினு வா. அப்படி வந்தா அது வேற.”

“அப்படி வந்தா பட்டாளம் வந்ததா ஆவுங்க. நான் வந்ததா ஆவாது. வேட்டி கட்டிக்கினுதான் வருவேன்.”

இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் சி.டி.க்கள்தான் ஜெயித்தன என்று நினைக்கிறேன். ‘சரி’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் எங்களுக்கு வேறு கவலை. மெடலின் ரிப்பன் சாயம் போய் நூல் நூலாகத் தொங்கியது. பெரியப்பா வேலைக்குப் போகும்போது என்னையும் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டு பின்பக்கச் சந்தில் ஒரு டெய்லர். அவரிடம் பள்ளிக்கூடப் பேட்ஜ் ரிப்பன் இருந்தது, ஜடை ரிப்பன் இருந்தது, கட்சிக் கொடித் துணிகூட இருந்தது.

“செவப்பு வச்சிக்கோ சார், ஜல்தியா அடிச்சுக் குடுத்துடறேன். பளிச்சுனு இருக்கும்.”

“ஏம்பா, சிங்கத்துக்கு ரெட்ட ஜடயா போடச் சொல்ற?”

டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கடைசியில் பழைய ரிப்பனையே பின்னால் துணி வைத்துத் தைத்தார். துருப்பிடித்த ஊக்கைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுப் புது ஊக்கு மாட்டினார். கீழே கிடந்த பழைய ஊக்கை நான் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மெடல் எனக்குக் கிடைக்கப்போவதில்லை, அதன் ஊக்காவது இருக்கட்டும் என்று. பெரியப்பா டெய்லரோடு பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. இந்த ஊக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுகளத்தன்று காலை விபூதி போட்டு மெடலைத் துடைத்தோம். மத்தியானம் மூன்று மணி வெயிலில் அவர் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, சட்டையில் மெடல் என்று நடந்துபோனார். எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் கயிற்றோரம் நின்றோம். என் அப்பா தலையில் இன்னும் காயாத மண் ஒட்டியிருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் பெரியப்பா குனியவில்லை. நின்றார். அவ்வளவுதான். கூத்து வாத்தியார் ஓடி வந்து கயிற்றைக் கையால் தாழ்த்திப் பிடித்தார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார்.

அறுபதடி நீளத்துக்குப் படுத்துக் கிடந்தான் துரியோதனன். பெரியப்பா அவன் மார்புப் பக்கம் முழந்தாளிட்டார். சட்டையிலிருந்து மெடலைக் கழற்றி, ஈர மண்ணில் ஊக்கோடு அழுத்தினார். கட்டைவிரலால் சுற்றிலும் மண்ணைத் தடவிச் சரி செய்தார், செங்கல்லுக்கு நடுவே சாந்து தடவுகிற மாதிரி. பின்பு எழுந்து நேராக நின்றார். சல்யூட் அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்கள் சிலர் அழுதார்கள். படுகளத்தில் அழுவது வழக்கம்தான். ஆனால் அழுகிற கட்டம் இன்னும் வந்திருக்கவில்லை.

பிறகு பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் வந்தன. மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடினார்கள், கதாயுதத்தைச் சுற்றினார்கள், பீமன் மார்பின் மேல் நின்று குதித்துக் குதித்து வசனம் பேசினான். தொடையைப் பிளந்ததும் உள்ளே வைத்திருந்த சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. அடுத்த நிமிஷம் மண் எடுக்கக் கூட்டம் பாய்ந்தது. குதிரில் வைத்தால் நெல் குறையாது என்று அள்ளுகிறார்கள். தள்ளுமுள்ளில் கயிறு அறுந்துபோக, கேப்பைப் பானைக்கு ஆகட்டும் என்று நாங்களும் ஆறேழு பையன்கள் உள்ளே புகுந்தோம்.

கூட்டம் அடங்கியபோது துரியோதனனுக்குத் தலையும் இல்லை, மார்பும் இல்லை. மெடலும் இல்லை.

“காலனிப் பசங்க உள்ள பூந்தானுங்க, நான் பாத்தேன்” என்று ஒரு குரல்.

எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பைகளை வெளியே இழுக்கச் சொன்னார்கள். கோலிக்குண்டு, புளியங்கொட்டை, பாதி தின்ற மல்லாட்டை மிட்டாய். என் பையை இழுத்தபோது ஊக்கு கீழே விழுந்தது.

“பின்னு இருக்குது. மெடலு எங்கடா?”

காதைப் பிடித்துத் தூக்கினார் ஒருவர். என் கால் தரையில் இல்லை. என் அப்பா கயிறு இருந்த இடத்தில் நின்றுகொண்டு கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். பழைய ஊக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், பிடித்தவர் காதை இன்னும் முறுக்கினார். அப்போது பெரியப்பா முன்னால் வந்தார்.

“பசங்கள வுடுங்க. நான்தான் எடுத்துக்கினேன்.”

“நீயா?”

“ஆமாங்க. கூட்டம் வந்தப்பவே எடுத்துக்கினேன். வூட்டுல வச்சிட்டேன்.”

என் காது விடுபட்டது. அதற்குப் பிறகு அவரை என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். நம் வீடுகளில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததுதானே. அம்மனுக்கு வைத்ததைத் திருடிக்கொண்டவன். உள்ளே விட்டால் இப்படித்தான். மறு வருஷம் கயிறு இன்னும் பத்தடி தள்ளிப் போனது. பெரியப்பா அதற்குப் பிறகு படுகளத்துப் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் மகளோடு திண்டிவனம் போய்விட்டார்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் கோபம்தான் இருந்தது. எடுத்தவர் முதலிலேயே சொல்லியிருந்தால் என் காது தப்பித்திருக்கும், என் அப்பா கும்பிட்டிருக்க வேண்டாம். பக்கோடாவுக்குக்கூட அந்த வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளில் போகும்போது அவர் லேசாகத் திரும்பிப் பார்ப்பார், எண்ணைக் கத்துவேன் என்று. நான் கத்தவில்லை. அவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போட்டோவைப் பார்த்த பிறகு போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். மகள் வீட்டு வாசலில் பெரியப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம் ஆனது.

“பெரியப்பா, உங்க மெடல் கெடச்சிடுச்சு.”

எங்கே, எப்படி என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துச் சிரித்தார்.

“இப்பதான் குடுக்க மனசு வந்துச்சா ஒனக்கு?”

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது முறத்தின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“நான் எடுக்கல பெரியப்பா.”

“பின்னு வச்சிக்கினு இருந்தியே?”

“அது பழைய பின்னு. டெய்லர் கழட்டிப் போட்டது. மெடலு மண்ணுக்குள்ள பூந்துடுச்சு. பீமன் வேஷக்காரர் மிதிச்சதுல. அந்தக் கட்டிய ஒரு வூட்டு அம்மா எடுத்துக்கினு போயி குதிர்ல வச்சிட்டாங்க. அவங்களுக்கே தெரியாது.”

அவர் ஒரு மல்லாட்டையை உடைத்தார். உள்ளே இருந்த இரண்டு பருப்பில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“சின்னப் பையன், ஆசப்பட்டு எடுத்துட்டான், பெருசானா தானா கொண்டாந்து குடுப்பான்னு இருந்தேன். கேட்டா நீ கூசிப்போவியேன்னு கேக்கல.”

“நீங்கதான் எடுத்தீங்கன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

“அடப்பாவி” என்றார். அவர் சிரித்த சிரிப்பில் முறம் ஆடித் தோல் எல்லாம் பறந்தது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். செல்லில் போட்டோவைக் காட்டினேன். அவருக்குக் கண் தெரியவில்லை, “படி” என்றார். ஐந்து எண்களைப் படித்தேன். மண் மூடியிருந்த மீதியை மனப்பாடமாகச் சொன்னேன். “ஹாஜிர்” என்றார், மெதுவாக.

போட்டோ போட்ட நம் நண்பனிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும், அவன் கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னதை அப்போதுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“மெடலு தனியா வரக்கூடாது. அந்த மண்ண எடுத்த அம்மா இருக்குதா?”

“இருக்காங்க. நடக்கறாங்க.”

“அவங்களயும் பையனயும் வரச் சொல்லு. நல்ல மண்ணுன்னு நம்பி இத்தினி வருசம் பத்தரமா வச்சிக்கினு இருந்தாங்க. ஒரு வேள சோறாவது போடணும்.” பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வூட்டுக்குள்ள வந்து சாப்புடுவாங்களாடா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன். நெல் குதிரை உடைத்தவனே, உன்னையும் உன் அம்மாவையும்தான் முதலில் கேட்கிறேன். மற்றவர்களையும் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று மகள் கேட்டாள். சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

மண்ணைக் கழுவ வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் பெரியப்பா. கூரியரும் வேண்டாம்.